பன்னிரண்டு பவுண்டு கூடுதல்

கிரிம்ஸ்பி மீன்கூடத்தில் விடியற்காலை நாலரை.
பிளேஸ் மீனைப் பலகையில் சாய்த்து
கத்தியைத் தீட்டுகிறாள் கேனர் ஸ்டப்ஸ்.
வானொலி சொல்வதற்கெல்லாம்
சத்தமாக மறுப்புச் சொல்கிறாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
தேநீர் அவள் இடது கடைவாயில் வழிந்தது.
கோப்பையில் விரிசல் என்று நினைத்தாள்.
கோப்பையை மாற்றினாள்.
மறுபடி வழிந்தது.

"சிரியுங்கள்" என்றார் டாக்டர் ஒயெலாரன்.
பாதி சிரித்தாள்.
"புருவத்தை உயர்த்துங்கள்."
ஒன்று உயர்ந்தது, மற்றது கேட்காததுபோல் இருந்தது.
பக்கவாதம் இல்லை, நரம்பு வீக்கம், பெரும்பாலும் தேறிவிடும்
என்று கையைப் பிடித்துச் சொன்னவர்
கணினியில் தட்டியது ஒரே சொல்:
அசிமெட்ரிக்கல்.

நல்ல சொல்தான்,
இரண்டு தட்டும் நேராய் நிற்கும் தராசு.
அதன் வாசலில் ஒற்றை 'அ' வந்து குந்திக்கொண்டு
உள்ளே யாரும் இல்லை என்கிறது.
தமிழ் அவ்வளவு அவசரப்படாது.
சமம், சீர் என்று வீடு முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டு
கொல்லைக் கதவருகே மெல்லச் சொல்லும்:
இன்மை.
அதற்கும் பொறுமை இல்லாதவர்கள்
கோணல் என்பார்கள். முடிந்தது.

பாஸ்போர்ட் படம் எடுக்கும் கூண்டு
'முகத்தை நேராக வைக்கவும்' என்றது.
நேராகத்தான் வைத்திருந்தாள்.
'முகத்தை நேராக வைக்கவும்.'
"இதைவிட நேர் என்னிடம் இல்லை, கண்ணே" என்றாள்
இயந்திரத்திடம்.
அது எட்டுப் பவுண்டை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது.

ஃப்ரீமன் தெருவில் முடிவெட்டும் கடை.
கண்ணாடியில் விலைப்பட்டியல்:
சாதாரண வெட்டு இருபத்தெட்டு.
அசிமெட்ரிக்கல் பாப் நாற்பது.
நின்றாள்.
அதே சொல்தான், ஒரு எழுத்தும் மாறவில்லை.
அங்கே அதற்கு மாத்திரை கொடுத்தார்கள்.
இங்கே அதற்குக் காசு கேட்கிறார்கள்.

உள்ளே போய் உட்கார்ந்து சொன்னாள்:
"பாதி வேலையை நானே முடித்துக்கொண்டு வந்திருக்கிறேன்,
பன்னிரண்டு பவுண்டைத் தள்ளுங்கள்."
சீப்பு அந்தரத்தில் நிற்க
சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்த ஷார்னா
கடைசியில் ஐந்து குறைத்தாள்.

முதல் கோணல் முற்றும் கோணல் என்போம்.
பிளேஸ் குஞ்சுக்கு முதலில் எல்லாம் நேர்.
இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண்,
பள்ளிக்கூடப் படத்துக்கு நிற்பதுபோல்
நிமிர்ந்தே நீந்தும்.
பிறகு ஒரு நாள் இடது கண்ணுக்கு
இருந்த இடம் பிடிக்காமல் போகிறது.
நெற்றி மேடேறி, அந்தப் பக்கம் இறங்கி
வலது கண்ணுக்கு அண்டைவீடாகக் குடிவருகிறது.
அப்போதுதான் மீன் படுக்கக் கற்கிறது,
மணலைப் போர்த்திக்கொண்டு
இரண்டு கண்ணாலும் மேலே பார்த்தபடி.

கேனருக்கு இது முப்பது வருடமாய்க் கையில் தெரியும்:
மேல்பக்கச் சதை தடிப்பு, அடிப்பக்கம் மெலிவு.
இரண்டுக்கும் ஒரே அழுத்தம் கொடுத்தால்
ஒன்று நாசம்.
புதிதாய்ச் சேரும் பையன்கள்
நியாயமாய் வெட்டி நியாயமாய் வீணாக்குவார்கள்.

மே மாதத்தில் வாய் ஓரளவு திரும்பிவிட்டது.
ஒன்று மட்டும் தங்கிப்போனது:
சிரித்தால் இடது கண் தானாக மூடிக்கொள்கிறது.
நரம்பு வழிதவறி வளர்ந்ததாம்.
பேருந்து ஓட்டுநர் கண்ணடித்தாள் என்று நினைத்து
சில்லறையை எண்ணாமல் வாங்கினார்.
அவள் திருத்தவில்லை.

வீட்டில் டெஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான்.
ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள்.
கண் மூடித் திறந்தது.
கல்யாணமாகி முப்பத்தொரு வருடம்.
அவனுக்குச் சிவந்துவிட்டது,
வலது காது மட்டும்.